மூன்று சிலிண்டரும் அடித்துவிட்ட ஒரு வரியும்

1.

இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூறு பக்கத்துக்குக் குறைந்து நான் எதையும் எழுதிப் பழக்கமில்லை. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "இப்பல்லாம் இத்துனூண்டு எஞ்சின்ல எப்படி அவ்ளோ சக்தி வருது? அதை வச்சு ஒரு கதை குடுங்க. சின்னதா" என்றார். கடைசிச் சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

முதல் தொடக்கம்:

"இன்னொரு தடவை மிதி" என்றார் லைல்.

(வேண்டாம். லைல் யார், எதை மிதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் புரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

கடுகு சிறுத்தாலும்—

(இதுவும் வேண்டாம். இந்த விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். கடுகு எந்தக் காலத்தில் வண்டி இழுத்தது?)

2.

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே எங்கள் ஆற்றோர ஊர்களில் மனிதனின் எடை அவன் எஞ்சினின் எடைதான். லைல் கோர்ஸ்கி எட்டு சிலிண்டர் எஞ்சின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய பிக்கப் வண்டியிலும் எட்டுதான். பால் வாங்கப் போவதும் அதில்தான். அதன் பின்தட்டு இதுவரை சுமந்த பெரிய பாரம் ஒரு கிறிஸ்துமஸ் மரம்.*

[* அதுவும் பிளாஸ்டிக் மரம் என்பது அவர் மனைவியின் தகவல். கதைக்குத் தேவையில்லை, விடவும் மனமில்லை.]

சனிக்கிழமை காலையில் இரும்புக் கடை வாசலில், வண்டிகள் நிற்குமிடத்தில், ஆண்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு காபி குடிப்பார்கள். அங்கே ஒரு விளையாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு யாருடைய வண்டியிலாவது ஏற வேண்டும். சத்தத்தை வைத்தே எத்தனை சிலிண்டர் என்று சொல்ல வேண்டும். லைல் தோற்றதே இல்லை. அவருக்கு அங்கே 'காது' என்றே பெயர்.

அவர் மகள் ரெனாட்டாவும் எஞ்சின் பொறியாளர். அவளும் கூட்டாளிகளும் நான்கு வருஷம் மல்லுக்கட்டிச் செய்தது ஒரு மூன்று சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு பெரிய சோடா பாட்டிலைவிடக் குறைவு. சக்தியில் அப்பாவின் பழைய எட்டுக்குச் சமம். போன நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே, சொந்தபந்தம் முன்னால் லைல் கேட்டார்: "இது காரா, தையல் மெஷினா? பாவாடை தைக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று எழுந்து போன மகள் இந்த மே மாதம் வரை வீட்டுப் பக்கம் வரவில்லை. லைலுக்கு மகள் வேண்டும். ஆனால் சொன்ன சொல்லையும் திரும்ப வாங்கக் கூடாது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறாது என்று அவருக்கும் தெரியும்.

3.

லைலின் பிக்கப், படகோடு ஏரிச் சரிவில் சிக்கிக்கொள்ள, மகளின் சின்ன வண்டி வந்து கயிறு கட்டி—

(கயிறு கட்டுவதற்குள் நீங்கள் முடிவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். வேறு வழி பார்க்கிறேன்.)

ரெனாட்டா மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவள் இப்போது எதற்காக வருகிறாள், ஜெயிக்கவா, சமாதானத்துக்கா? கேட்டேன். "சும்மாதான்" என்றாள். நான் நம்பவில்லை, ஆனாலும் அவளை வண்டியோடு இரும்புக் கடை வாசலுக்கு அழைத்து வந்தேன்.

லைல் ஏற்கெனவே தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார். அவருடைய நண்பர் டுவெய்ன் ரெனாட்டாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். லைலைக் கைப்பிடித்து அவள் பக்கத்தில் உட்காரவைத்துத் தானும் பின்னால் ஏறிக்கொண்டார். ரெனாட்டா வாய் திறக்காமல் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தாள். லைலின் முதுகு இருக்கையோடு ஒட்டியது. கீழே கனமாக ஓர் உறுமல்.

"எட்டு" என்றார் லைல். "நல்லா ஊறின எட்டு. எவன்டா வச்சிருக்கிறது? புண்ணியவான்."

"மூணுப்பா" என்றாள் ரெனாட்டா, வண்டியை ஓரங்கட்டி.

தொப்பி மேலே போனது. "நீயா? என்னது, மூணா?"

"பெட்ரோலை எவ்ளோ வேணா ஊத்தலாம்ப்பா. அது எரியக் காத்துதான் பத்தாது. அதுக்காகத்தான் நீங்க பெருசு பெருசா கட்டினீங்க. நாங்க வெளிய போற புகையை வச்சு ஒரு விசிறியைச் சுத்த விடுறோம். அது காத்தை அமுக்கி உள்ள தள்ளுது. பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சுறோம். அவ்ளோதான்."

"அதாவது குசுவைக்கூட சும்மா விடாம வேலை வாங்குறீங்க" என்றார் டுவெய்ன்.

லைல் சிரிக்கவில்லை. "சரி. அந்தச் சத்தம்?"

(இந்த இடத்தில் அவள் பொய் சொல்லலாம். சொன்னால் ஜெயித்துவிடுவாள். நானும் வற்புறுத்தினேன்.)

"அது ஸ்பீக்கர்ப்பா. மூணோட குரலைக் கேட்டா வாங்க வர்றவங்க பயப்படுறாங்கன்னு கம்பெனியில ஒரு சத்தக் கமிட்டி போட்டாங்க. நல்ல எட்டு ஒண்ணு வேணும்னாங்க. போன கோடையில நம்ம கராஜ்ல வச்சு உங்க வண்டிச் சத்தத்தைத்தான் பதிவு பண்ணேன்."

"டேய் காது," டுவெய்ன் தொடையில் தட்டிச் சிரித்தார், "உன் வண்டியே உனக்குத் தெரியலையா?"

4.

லைலுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. 'பாத்தியா, எல்லாம் பொய்' என்று இறங்கி நடந்தால் சொன்ன சொல் பிழைக்கும். அப்படி ஒரு முடிவை எழுதியும் வைத்தேன். நடக்கக்கூடியது அதுதான், அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழும் முடிவு ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட அப்படி அழமாட்டார்கள்.

நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது ரெனாட்டா என்னைக் கேட்காமலே ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை அணைத்தாள். மறுபடி மிதித்தாள். இப்போது கேட்டது மெல்லிய, கொஞ்சம் நொண்டுகிற படபடப்பு மட்டும். முதுகு இருக்கையோடு முன்போலவே ஒட்டியது.

"இதுதான் நான் செஞ்சது" என்றாள். மறுபடி ஓரங்கட்டினாள்.

யாரும் சொல்லாமலே லைல் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டார்.

இனி அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கோ ஆசிரியர் அளந்து கொடுத்த இடம் தீர்ந்துவிட்டது. வெளியே தள்ளியதை வீணாக்காதே என்பதுதான் இந்த எஞ்சினின் ஒரே சூட்சுமம். முதல் பகுதியில் நான் அடித்துவிட்ட லைலின் வரி ஒன்று அங்கேயே கிடக்கிறது. எடுத்து வந்து அவர் வாயில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாது என்று தோன்றினால் 'தையல் மெஷின்' இன்னும் அவர் நாக்கிலேயே இருக்கிறது. அதைச் சொல்லவைப்பது உங்கள் பாடு, நான் செய்யமாட்டேன்.

எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் கால் பெடல் மேலேயே இருக்கிறது.