சரிபார்த்தவர்

இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கம்பெனியிலும் சரி, குடியிருப்பிலும் சரி, எல்லாருக்கும் லிஃப்ட்காரர்தான். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

மகள் கணக்கில் புலி. அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைப்பது நிச்சயம் என்று பள்ளியில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இடம் கிடைத்து என்ன செய்ய? கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். முழு உதவித்தொகை கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அம்மா வேலை பார்க்கும் தையல் கடையில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்.

கல்லூரியின் இணையதளத்தில் குடும்ப விவரத்தைப் போட்டால், உதவி கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு வண்ணப் பட்டை காட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதினோராவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, சோற்றைக்கூடத் திறக்காமல் லிஃப்ட்காரர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. வருமானம் வரம்பை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. தாண்ட வைத்தது யார்? அவரேதான்! மகள் படிப்புக்கு ஆகட்டும் என்று போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் ஓவர்டைம் பார்த்தார். அந்தப் பணம் மனைவியின் பித்தப்பை ஆபரேஷனோடு போயே போய்விட்டது. வருமானச் சான்றிதழில் மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றது.

கடைசியில், 'தந்தை' என்ற இடத்தில் 'உடன் வசிக்கவில்லை' என்பதைத் தட்டினார். பட்டை பச்சையாகிவிட்டது. அவர் ஒருத்தர் இல்லாவிட்டால் போதும், பிள்ளை படித்துவிடுவாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்லு மாதிரி எதிர்ல உக்காந்திருக்கிற மனுஷனை ஓடிப்போயிட்டான்னு எழுதணுமா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"வேற வழி இருந்தா நீயே சொல்லு. நான் போய் எட்டு வருஷம் ஆச்சுன்னு எழுது."

"எட்டு வருஷமா! அப்போ தினமும் என் கையால மூக்குப் பிடிக்கத் தின்னுட்டுப் போறது யாராம்?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுதினாள். "பெரியவங்க விவரம், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, மகளிடம் அந்தப் பக்கங்களைக் காட்டவில்லை.

லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வேலை விவரத் தாளை மேலிருந்து கீழே படித்து, அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் லிஃப்ட் ஓடும். மனைவி கொடுத்த படிவத்தையும் லிஃப்ட்காரர் அப்படித்தான் படித்தார். ஒரு பிழை இல்லை. அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கை தன்பாட்டுக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டது. தான் ஓடிப்போன தாளில் தானே கையெழுத்துப் போட்டது அவருக்கும் உறைக்கவில்லை, பக்கத்தில் நின்றவளுக்கும் தெரியவில்லை. உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், தாயும் மகளும் நேரில் வரவேண்டும் என்று கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது.

அவர் போகக் கூடாத ஆள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர்கள் போனதும் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய், உதவித்தொகை அலுவலகத்தின் வெளியே, தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றார். கதவு பாதி திறந்திருந்தது.

"இந்தக் கட்டம் எங்க ஆஃபீஸ் ஆளுங்க கையெழுத்துப் போடற இடம்" என்றாள் உள்ளே கண்ணாடி போட்ட அதிகாரி. "இதுல யாரும்மா போட்டது?"

லிஃப்ட்காரர் தன் வலது கையைப் பார்த்தார். அடப்பாவி கையே!

அதிகாரி இன்னொரு தாளைப் புரட்டினாள். "இது நீங்க கூட வச்சு அனுப்பின, உங்க பொண்ணோட இந்த வருஷ மார்க் ஷீட். அப்பா கையெழுத்தும் இதுவும் ஒண்ணா இருக்கு. எட்டு வருஷமா இல்லாதவர் எப்படிப் போட்டார்?"

"எட்டு வருஷமா?" என்று மகள் கேட்டாள். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டிருப்பாள்.

அதிகாரியும் கல்நெஞ்சுக்காரி இல்லை. மகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எப்பவாவது வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறவர்னா பரவாயில்லம்மா. 'அப்பா எங்களோட இல்லை'ன்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. நான் பாஸ் பண்ணிடறேன்."

வெளியே லிஃப்ட்காரர் கருவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். 'எழுதிடு கண்ணு. இல்லைன்னு எழுதிடு. என் தங்கமில்ல, எழுதிடும்மா' என்று உதடு மட்டும் அசைந்தது.

உள்ளே மேஜை மேல் பேனாவைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"காலையில என் செருப்பு வாரு அறுந்துபோச்சு மேடம்" என்றாள் மகள். "செம்புக் கம்பி வச்சு அவர்தான் கட்டிக் குடுத்தார். இதோ பாருங்க." குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா எங்கயும் போகலை."

அதிகாரி பெருமூச்சு விட்டாள். "பொய் விவரம்னு நான் நிராகரிச்சா அது பதிவாயிடும்மா. அப்புறம் எங்கயும் உதவி கேக்க முடியாது. இந்த வருஷ இடத்தையும் விண்ணப்பத்தையும் நீங்களே வாபஸ் வாங்கிட்டா, உண்மையை எழுதி அடுத்த வருஷம் கேட்டுப் பாக்கலாம். அப்பா கையெழுத்து வேணும். எங்க இருக்கார்?"

"வாசல்லதான் நிப்பார். அவரால வராம இருக்க முடியாது."

லிஃப்ட்காரர் உள்ளே போனார். மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளை அவரால் பார்க்க முடியவில்லை. "என் தப்பு மேடம். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதிகாரி விவரங்களைத் திருத்தி ஒரு தாளை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மேலிருந்து கீழே படித்தார். மகள் பேர் சரி. அப்பா பேர் சரி. தந்தை: உடன் வசிக்கிறார். அதுவும் சரி. அதற்குக் கீழே, இந்த ஆண்டுக்கான இடமும் உதவியும் வேண்டாம் என்று இரண்டு வரி.

"இங்கப்பா" என்று மகள் விரல் வைத்துக் காட்டினாள்.

இருபது வருஷமாக எந்தத் தாளைக் கண்டாலும் தானாக ஓடிய கை, பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.