மஞ்சள் தடவிய வெற்றுத் தாள்

விருத்தாம்பாள் ஊறுகாய் ஜாடி வாங்கத்தான் சாமிதுரை கடைக்குப் போனாள். பீங்கான் பொம்மைகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே ஓர் அட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கடிதத் தாள்கள், பாலாடை நிறத்தில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சங்குப்பூக் கொடி முறுக்கிக்கொண்டு மேலே ஏறியது. நரம்பு தெரியும் இலை, நீலப் பூ, வெடிக்கக் காத்திருக்கும் காய். உறையைப் பிரித்தால் அதன் மடிப்புக்குள்ளும் ஓர் ஒற்றை இலை ஒளிந்திருந்தது.

"எடுத்துப் பாருங்கம்மா, கையச் சுட்டுடாது" என்றார் சாமிதுரை. "பாண்டிச்சேரி சரக்கு. இந்த ஊர்ல யாரு இதுல எழுதப்போறாங்கன்னு எங்க வூட்டுல ஒரே திட்டு."

ஜாடியை மறந்து, பெட்டியோடு வீடு திரும்பினாள்.

அவள் இதுவரை எழுதியதெல்லாம் தபால் கார்டு. இந்தத் தாளைக் கண்டதும் மனசு திட்டக்குடிக்கு ஓடியது. அங்கேதான் தங்கை ராஜாம்பாள் இருந்தாள். இந்த இலையை விரலால் தடவித் தடவிப் பார்க்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஆனால் தன் மகள் கல்யாணத்துக்கு, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் போட்டவளும் அவள்தான். அக்கா என்ற முறைக்கே அது அவமரியாதை. விருத்தாம்பாள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது. தப்புச் செய்தவள்தான் முதலில் எழுத வேண்டும்; குடும்பத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே.

பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவளுக்குக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. எழுதாமல் அனுப்பினால் எழுதியதாகாதே! பாதித் தாள்களை எடுத்து உறைக்குள் வைத்தாள்.

"வெத்துக் காகிதமா?" என்றார் கணவர் கனகசபாபதி. "இங்க ஏதோ கெட்டது நடந்துடுச்சின்னு பயந்துடப்போவுது."

அதுவும் சரிதான். மேல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். விலாசத்தை அவர் கையாலேயே எழுதவைத்தாள்.

சில நாள் கழித்து, நல்ல வெயிலில் ராஜாம்பாள் வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் பழக்கூடை, முகமெல்லாம் வியர்வை.

"நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்குது, உள்ள ஒரு எழுத்தக் காணும். யாருக்குக்கா கல்யாணம்? பையனுக்கா? அவசரத்துல எழுதின தாள விட்டுட்டு வெறுந்தாள வச்சிட்டியா?"

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாளு அழகா இருந்துச்சு. அனுப்பினேன்."

"இதுக்கா பஸ்ஸுல இடிபட்டு வந்தேன்?" ராஜாம்பாள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அழகாத்தான் இருக்குது. கட்டில் முழுக்கப் பரப்பிவச்சிப் பாத்தேன். படுக்க எடமில்லாம அவரு பாயத் தேடிக்கிட்டுப் போனாரு."

"பின்ன, உள்ள வர்றதுதானே?"

"கூப்பிடாத வூட்டுக்குள்ள நான் வரமாட்டேன். ரோஷம் உனக்கு மட்டுந்தானா?"

விருத்தாம்பாளுக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டு மாரியம்மாள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். வாசலுக்கு வந்து, தங்கையின் இடுப்பிலிருந்த கூடையைத் தன் கையில் வாங்கினாள்.

"வா, ராஜம்."

"பத்திரிகையத் தபால்ல போட்டது தப்புதாங்க்கா. அப்ப..."

"சாப்பிட்டுட்டு அதச் சொல்லு. ரசம் கொதிச்சி வழியுது."