பலகையில் மூன்றாம் பெயர்

தண்டையார்பேட்டைத் தகர டின் தொழிலாளர் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுவது பரசுராமன்தான். பட்டறையில் டின் மேல் முத்திரை எழுதுகிற கை. சங்கத்துக்குச் சும்மா எழுதித் தருவான். 1920இல் தலைவர் ஒரு மயிலாப்பூர் வக்கீல், பலகையிலும் அவர் பெயர். ஏழு வருஷம் கழித்துப் பம்பாய் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் சேர்ந்தார்கள். வக்கீல் பெயர் மேல் வெள்ளை அடித்துச் சம்மேளனத்தின் பெயரை எழுதினான். இப்போது முப்பத்தொன்றில் சம்மேளனமே உடைந்து, சங்கம் சாதுவான பிரிவுக்குப் போகிறது. எந்தக் கொடி பறந்தாலும் தகரம் கையைக் கிழிக்காமல் விட்டதில்லை.

இரண்டு முறையும் மாறாதது அடியில் இருந்த ஒரு வரி: ‘செயலாளர் வேம்பு’. சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான். வேலைநிறுத்தத்தில் ஜெயிலுக்குப் போன அந்த ஆளை விலக்கினால்தான் சங்கத்தை அங்கீகரிப்போம் என்றது கம்பெனி. புதுச் சம்மேளனமும் தலையாட்டியது.

வேம்புவை விலக்குவதா என்று முடிவு செய்யச் சங்கக் கூட்டம் கூடியது. பாதிப் பேருக்கு எழுத்து தெரியாததால் அங்கே ஓட்டுச் சீட்டு கிடையாது. சம்மதம் என்றால் எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலில் கம்பெனி மேஸ்திரி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பரசுராமன் எழுந்துவிட்டான். வேலைநிறுத்தம் நடந்த நாற்பது நாளும் அவன் பிள்ளைகள் குடித்தது வேம்பு வீட்டுக் கூழ். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெயர் எழுத ஏணியில் ஏறினான். ஏணி ஆடியது. கீழே யாரோ வந்து பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் வேம்பு.

“பாத்து ஏறு. வூட்ல புள்ளைங்க கீதுங்க.”

மேலிருந்து வெள்ளை அடித்துக்கொண்டே வந்தவன், கடைசி வரியில் தூரிகையை நிறுத்தினான்.

“அதையும் அடிச்சிரு. பாதி தெரிஞ்சா கலீஜா கீது.”

அடித்தான். பெயர் போன இடம் பளிச்சென்று இருந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. “அண்ணாத்தே, அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தான்.

வேம்பு முடிக்க விடவில்லை. “ரொம்ப நேரமா சம்மணம் போட்டு குந்திகினு இருந்தே. கால் மரத்துப் போயிதானே எய்ந்தே?”

கால் மரக்கவில்லை. அது வேம்புக்கும் தெரியும். இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது.

“ஆமாண்ணாத்தே,” என்றான் பரசுராமன்.

“அப்பிடித்தான் நானும் நெனச்சேன்,” என்றார் வேம்பு. அவன் எழுதி முடித்து இறங்கும்வரை ஏணியை விடவில்லை.