பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது

1

இந்தக் கதை என் தோழியின் பையிலிருந்து நழுவிய ஒரு தாளில் தொடங்கியது. அவள் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறாள். நேர்காணல் எடுப்பவர்களுக்கான விதி ஒன்று அதில் இருந்தது: 'கேட்டபின் காத்திருக்கவும். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது.' அன்று முழுக்க அந்த வரி என்னோடு பேருந்தில் வந்தது. ஜன்னலோர இருக்கையை அதற்கே விட்டுக்கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தபோது அவள்...' (வேண்டாம். எல்லோர் கதையிலும் பெய்கிறது.)

இரண்டாவது: ஒரு மாணவி, ஆராய்ச்சிப் பயிற்சிக்காக, தன் துறையில் முன்பு படித்தவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறாள். இப்போது என்ன வேலை, இனி என்ன ஆக விருப்பம் என்று கேட்கிறாள். பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடைய அக்கா. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு வருடமாக மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எடுக்காவிட்டால் 'தொடர்பில் இல்லை' என்று எழுதிவிட வேண்டும். அக்கா இருப்பதோ பக்கத்து அறையில், துணி மடித்துக்கொண்டு.

(ஏன் விட்டாள்? மூன்று காரணங்கள் எழுதினேன். மூன்றும் என்னுடையவையாக இருந்தன. அடித்துவிட்டேன்.)

3

மூன்றாவது முறை, சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லுடி."

"வணக்கம். பொதுச் சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறேன். இப்ப பேச உங்களுக்கு நேரம் இருக்குங்களா?"

"சோப்பு வாங்கச் சொன்னேனே, வாங்கினியா?"

"அக்கா, இதுல எழுதியிருக்கறததான் நான் படிக்கணும். கெடுத்துராத."

"சரிங்க மேடம், கேளுங்க."

எட்டுக் கேள்விகளுக்கும் மளமளவென்று பதில் வந்தது. ஒன்பதாவது:

"திரும்ப ஆராய்ச்சிக்குப் போகணும்னு நினைக்கிறீங்களா?"

துணி உதறும் சத்தம் நின்றது.

அலமாரியின் மேல்தட்டில் அக்காவின் பழைய நோட்டுகள் இருக்கின்றன. மற்ற எல்லாவற்றிலும் தூசி படியும், அவற்றில் மட்டும் படியாது. தங்கைக்கு அது தெரியும். 'ஆமான்னு சொல்லுக்கா' என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா சிரித்தபடி "இல்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறாள். மற்றதில் நோட்டுகளோடு கதவருகே வந்து நிற்கிறாள். எதை எழுதினாலும் அது நான் எடுத்துக்கொடுத்த பதில்.

அதனால் காத்திருக்கிறேன். என் அறை ஜன்னல் வெயில் தரையில் ஒரு கட்டம் தள்ளிப்போய்விட்டது. தங்கை நாற்பத்திரண்டுவரை எண்ணிவிட்டாள்.

"இருக்கியா?" என்கிறாள் அக்கா.

"இருக்கேன்."

உங்களுக்கு இந்நேரம் ஒரு பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சுவர் மெல்லியது, அக்காவுக்குக் கேட்டுவிடும்.