மகுடேஸ்வரி திருந்தவில்லை

திருத்தணியில் மகுடேஸ்வரியைத் திட்டாத வீடு கிடையாது. ‘அணையாத அகல்’ தொடரின் மூத்த மருமகள் அவள். இளைய மருமகள் தீபலட்சுமிக்குப் போகவேண்டிய பாலில் இரண்டு முறை விஷம் வைத்தவள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு முறை பால் கொட்டிப்போனது, மறுமுறை பூனை குடித்தது, பூனை பிழைத்தும்விட்டது. ஊரால் பொறுக்க முடியாதவை வேறு. புருஷன் வீடு திரும்பும் முன்பே தட்டில் சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிறாள். மாமனார் நிற்கும்போது சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாள். இவளெல்லாம் விளங்குவாளா என்று பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மகுடேஸ்வரியாக நடித்த மணியம்மை ஆர்.கே.பேட்டைக்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் பேசி வளர்ந்ததால் தொண்டை பெரிது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சென்னையில் வெகுகாலம் அவள் செய்ததெல்லாம் நிற்பதுதான். கதாநாயகியின் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். ஆஸ்பத்திரிக் காட்சியில் நர்ஸாக நின்றாள். சாவு வீட்டில் தூணோரம் நின்று ‘ஐயோ’ என்றாள். நல்லவர்களுக்கு வசனம் குறைவு. கெட்டவளான பிறகுதான் அவளுக்கு முழு வாக்கியம் கிடைத்தது, உட்கார நாற்காலியும் கிடைத்தது.

அந்த நாற்காலிக்கு ஆபத்து, இயக்குநர் வரதராஜனின் போன் வழியாக வந்தது.

“மேடம், திங்கட்கிழமை நீங்க திருந்துறீங்க. தீபலட்சுமி கால்ல விழறீங்க. முடியெல்லாம் அவிழ்ந்து கிடக்கு. அந்த முடியாலயே அவ பாதத்தைத் துடைக்கிறீங்க. தமிழ்நாடே அழப்போகுது.”

“அப்பறம்?”

“அப்பறம் நீங்க நல்லவங்க. பூஜை சீன்ல ஆரத்தித் தட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி நிப்பீங்க.”

“எது வரைக்கும் சார்?”

“சீரியல் முடியற வரைக்கும்.”

‘அணையாத அகலை’ முடிக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. மணியம்மை அன்றே வேண்டிக்கொண்டாள்: முருகா, என்னைத் திருந்த விடாதே, முடியைத் தந்துவிடுகிறேன். அப்படியொரு வேண்டுதல் தணிகை மலைக்கு முன்பு வந்ததுண்டா என்பது தெரியாது. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. முடியே இல்லையென்றால் பாதத்தை எதைக்கொண்டு துடைப்பது? அதனால் வரம் கிடைக்கும்வரை காத்திராமல், காணிக்கையை முன்கூட்டியே செலுத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி வாடகைக் கார் ஒன்றில் ஏறினாள். பெயர் ஜலால் என்று சொன்ன டிரைவர் கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்தான், மறுபடி பார்த்தான்.

“அக்கா, எங்கூட்டுக்காரி ஷாஜாதி டெய்லி உங்கள திட்டுது. உங்கள ஏத்திகினு போனேன்னு தெரிஞ்சா இன்னிக்கி எனக்கு சோறு கெடையாது.”

“திட்டட்டும் ஜலாலு. அது திட்ற வரைக்கும்தான் எனக்கு வேல.”

“அப்ப கவலயே வேணாங்க்கா. அது நிறுத்தாது.”

மலைமேல் முடி இறக்கும் இடத்தில் நாவிதர் வீரபத்திரன் வழக்கம்போலக் கேட்டார். “பூமுடியா, முழுசாம்மா?”

“முழுசா எறக்கிடுங்க.”

பாதித் தலையில் அவர் கை நின்றது. குனிந்து முகத்தைப் பார்த்தார். “நீங்க பால்ல வெஷம் வெச்சவங்கதான?”

“ஆங். பயப்படாதீங்க, கத்தி உங்க கைலதான் இருக்குது.”

சந்தனம் பூசிய தலையோடு அவள் சன்னிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது சடகோபன் கண்ணில் பட்டாள்.

சடகோபனை அறியாதவர்கள் ஊர்ச் சுவர்களைப் பார்த்ததில்லை என்று பொருள். ஒரு லாட்ஜுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் சொந்தக்காரர். தணிகைப் பண்பாட்டுக் காப்புப் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர். பேரவை அவருக்குப் ‘பண்பாட்டுச் செம்மல்’ என்ற பட்டத்தை வழங்கியிருந்தது. வழங்கிய தலைவரும் வாங்கிய செம்மலும் ஒருவரே என்பதால் மேடையில் சால்வையைப் போர்த்துவதில்தான் கொஞ்சம் சிரமம் ஏற்பட்டது.

மொட்டை போட்டவர்களைப் பார்த்து இந்த ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. எதுவாக இருந்தாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று கும்பிட்டு வழிவிடுவார்கள். சடகோபனும் கேட்கவில்லை. கைகூப்பி நின்ற மகுடேஸ்வரியைப் போனில் வீடியோ எடுத்தார். ‘மகுடேஸ்வரி திருந்திவிட்டாள்! பண்பாடு வென்றது!’ என்று எழுதி, கீழே தன் படத்தையும் வைத்து அனுப்பினார். ஜலாலின் வண்டி மலையை விட்டு இறங்குவதற்குள் வீடியோ சென்னைக்குப் போய், அங்கிருந்து வரதராஜனின் குரலாகத் திரும்பி வந்தது.

“மேடம்! யாருக்கும் சொல்லாம மொட்டை போட்டு... நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட் மேடம்!”

“சார், நான் திருந்தல.”

“இதுதான் மேடம் நடிப்பு! கூந்தல் சீனே இனிமே வேணாம். சடகோபன் சார் மண்டபம் தர்றார். சாயங்காலம் கேமராவோட வர்றேன். ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டு, கால்ல விழறீங்க.”

“வரலன்னா?”

“வீடியோ இருக்கே மேடம். பின்னாடி சோகமா ஒரு புல்லாங்குழலை விட்டா நீங்க திருந்தினதாத்தான் அர்த்தம்.”

போன் அடங்கியதும் ஜலால் வண்டியை ஓரங்கட்டினான். “அரக்கோணத்துக்கே உட்றவாக்கா?”

“வேணாம், மண்டபத்துக்கு உடு. நான் இல்லாத நேரம் பாத்து என்ன நல்லவளாக்கிடுவானுங்க.”

மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசை நாற்காலிகளில் பேரவையின் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால், மகுடேஸ்வரி அழுவதைக் கண்ணால் பார்க்க வந்த பெண்கள். மேடையில் தீபலட்சுமிக்குப் பதிலாக அவளுடைய ஆளுயர ஃபிளெக்ஸ் நின்றது. நடிகைக்கு வேறொரு ஊரில் படப்பிடிப்பு. ஆளுயரம் என்று சொன்னாலும் அவசரத்தில் அச்சடித்தது முழங்காலோடு முடிந்திருந்தது. கடைசி நேரத்தில்தான் வரதராஜன் அதைக் கவனித்தார்.

“சார், பாதம் இல்லையே!”

சடகோபன் ஒரு கணமும் தயங்கவில்லை. “பண்பாட்டுக்காக என் பாதத்தத் தர்றேன்.”

அவர் முன்பே கால் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முக்காலியின் மேல் இரு பாதங்களையும் வைத்தார். கேமராவில் மேலே தீபலட்சுமியின் முகம் தெரியும், கீழே சடகோபனின் பாதம் தெரியும், இடையில் இருப்பதை ரசிகர்கள் பக்தியால் நிரப்பிக்கொள்ள வேண்டியது. பின்னால் அவர் மனைவி தேவிப்பிரியா பட்டுப்புடவையும் ஆரத்தித் தட்டுமாக நின்றிருந்தாள். மதியம் ஒத்திகை பார்த்ததிலிருந்தே அப்படித்தான் நின்றாள்.

சடகோபன் பேசினார். பெண்மை, பொறுமை, விளக்கு, திரி, எண்ணெய் என்று வரிசையாகத் தொட்டுவிட்டு, “தாய்மார்களே, இதோ உங்க மகுடேஸ்வரி. மன்னிப்புக் கேக்கட்டும்” என்று மைக்கைக் கொடுத்தார்.

மணியம்மை மைக்கை வாங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

“எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? சொல்லுங்க, கேக்கறேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. “பால்ல வெஷம் வெச்சியே!”

“வெச்சேன். தப்புதான். அந்தப் பூனைகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். அப்பறம்?”

சிரிப்பு கிளம்பியது. “புருஷன் வர்றதுக்கு முன்னாடி துன்னுகினு இருந்த!”

“பசிச்சுது.”

“மாமனார் எதிர்ல ஒக்காந்த!”

“கால் வலிச்சுது. ஏம்மா, உனக்கு வலிக்காதா?”

“எனக்கும்தான் வலிக்குது, நான் இன்னா ஒக்காந்துகினா இருக்கேன்?” என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு, முன்வரிசை நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தாள். பேரவை உறுப்பினர் ஒருவர் எழுந்து, பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார்.

“கட் சொல்லுங்க சார்,” என்று கேமராமேன் கிசுகிசுத்தான். வரதராஜன் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவரும் தன் போனைப் பார்க்கவில்லை என்பதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழிலில் அது அரிய காட்சி.

“அம்மா, நேரமாவுது, பாதம்...” என்று சடகோபன் கால்விரல்களை ஆட்டிக் காட்டினார்.

அப்போது பின்னாலிருந்து, மைக் இல்லாத குரல் கேட்டது. தேவிப்பிரியா. “கேட்ட கேள்விக்கெல்லாம் எதிர்த்துப் பதில் பேசுன நீ.”

மணியம்மை திரும்பி மைக்கை அவள் முன்னால் நீட்டினாள். “ஆங், பேசுனேன். நீங்க பேசுனா இன்னா சொல்வீங்க?”

தேவிப்பிரியா கணவரைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள்.

“கால எடுங்க,” என்றாள். “தட்ட வைக்கணும். கை கழண்டு போவுது.”

மண்டபத்தின் நான்கு ஸ்பீக்கர்களும் அதைச் சொல்லின. கூரை பிய்ந்துகொள்ளும் அளவுக்குக் கூட்டம் கத்தியது. பண்பாட்டுச் செம்மல் ஒரு காலை எடுத்தார். “ரெண்டு காலும்,” என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டாவதையும் எடுத்தார். பாதம் இருந்த இடத்தில் ஆரத்தித் தட்டு அமர்ந்தது.

மணியம்மை மைக்கை வாயருகே கொண்டு போனாள். ஆர்.கே.பேட்டைத் தொண்டை முழுதாகத் திறந்தது.

“நல்லா கேட்டுக்கோங்க! மொட்ட போட்டது திருந்திட்டேன்னு இல்ல, திருந்தக் கூடாதுனு! யார் கால்லயும் நான் உழ மாட்டேன். திங்கக்கெழம மறுபடியும் பால் காய்ச்சறேன். தைரியம் இருந்தா வந்து பாருங்க!”

“அடிப்பாவி! மொட்ட அடிச்சும் புத்தி வரல பாரு!”

“நாசமாப் போவ நீ!”

வசைகள் பூமாரியாக விழுந்தன. வரதராஜன் கண்ணை மூடி அந்த ஓசையைக் கேட்டார். பிறகு மேடையேறி மணியம்மையின் காதில், “மேடம், திங்கட்கிழமை நீங்க திருந்தல. விக் வேணாம், இப்படியே வாங்க. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்றேன்” என்றார்.

“அப்ப பண்பாடு?” என்றார் சடகோபன், செருப்பைத் தேடியபடி.

“அது அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்.”

வெளியே ஜலாலின் வண்டியை எட்டுவதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பொதட்டூர்பேட்டைக்காரி ஒருத்தி கூட்டத்தைப் பிளந்து முன்னால் வந்து, “நீ நல்லாவே இருக்க மாட்ட, பாத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே, மொட்டைத்தலையை இரு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடத்தன. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தத் தபாவாச்சும் வெஷத்த ஒழுங்கா கலக்கு. அந்த தீபலட்சுமி அழுதுகினே இருக்கறத பாக்க முடியல.”