வைக்கிங் எலியின் பூர்வீகம்

ஹெல்லே தீவின் எலி சாதாரண எலி அல்ல என்பதில் டார்க்கில் மெக்காஸ்கிலுக்குச் சந்தேகமே கிடையாது. அவரே சாதாரண மனிதர் அல்லவே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த அரச வம்சம். பாரம்பரியக் கழகத் தலைவர் என்ற முறையில் அந்தச் சான்றிதழைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டிருந்தார். அதே கப்பலின் அடித்தட்டில்தான் எலியும் வந்ததாம். மற்ற தீவுகளின் வயலெலியைவிட ஒன்றரை மடங்கு பருமன். “அரச ரத்தம்,” என்பார்.

அந்த எலிக்கு இப்போது ஒரு காட்சியகம் வரப்போகிறது. தம் பூட்டனாரின் கல்வீட்டில், பூட்டனாரின் பெயரோடு அது அமைய வேண்டும் என்பது டார்க்கிலின் பிடிவாதம். இங்கே அமையாவிட்டால் எதிர்த்தீவான ஃபுவர்னேக்குப் போய்விடும். அதைவிட அது கடலில் மூழ்கலாம். பூட்டனார் காலத்தில் திருச்சபை இரு தீவுக்கும் இரண்டாக உடைந்ததிலிருந்து, பரலோகத்தில்கூட ஃபுவர்னேக்காரர்களுக்கு வேறு வாசல் இருக்கும் என்று ஹெல்லே நம்பியது. அவர்களிடமிருந்து ஒரு துரும்புகூட வாங்கியதில்லை என்பது ஜெபத்துக்கு அடுத்தபடியாக இங்கே சொல்லப்படும் வாசகம்.

காட்சியகத்தை அமைக்க அபர்தீனிலிருந்து வந்த ஆய்வாளர் மோராக் கன், ஊர் மண்டபத்தில் மரபணு முடிவைச் சொன்னாள்.

“இது நார்வே எலி இல்லைங்க. ஃபுவர்னே எலியோட பங்காளி. பிரிஞ்சு இருநூறு வருஷம்கூட ஆகல.”

தேநீரோடு ஸ்கோன் ரொட்டியைக் கடித்தவர்கள் மெல்ல மறந்தார்கள்.

“அப்ப உடம்பு?” என்றார் டார்க்கில். “அங்க இருக்கறது சுண்டு விரல் தடிமன்தானே?”

“அங்க மரநாய் இருக்கு. சின்ன உடம்பா இருந்தாத்தான் பொந்துக்குள்ள பூந்து தப்பிக்கும். இங்க துரத்த ஆளில்ல. குளிருக்குப் பருத்தது தாங்குச்சு, அது போட்ட குட்டியும் பருத்துது. கேள்வி கேக்க ஆளில்லாத இடத்துல எதுவும் பெருத்துடும்.”

“அதை எங்க தலைவரைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டோம்மா,” என்றாள் தபால் நிலையத்து டோலினா. டார்க்கிலின் அத்தை மகள். அவரை மதிக்காததைத் தன் சொத்தாகவே வைத்திருந்தாள்.

“எலி நீந்தி வந்திருக்கும்,” என்றார் டார்க்கில்.

“அந்த நீரோட்டத்துல கடல்நாய்க்கே மூச்சு வாங்குதுங்க.”

“கட்டை மேல மிதந்து வந்திருக்கும்.”

“உங்க பூட்டனார் வீட்டுக் கூரையோட அடி அடுக்கைப் பிரிச்சுப் பாத்தேன். அத்தனையும் ரை தானியத்து வைக்கோல். இந்த மண்ணுல ரை என்னிக்காவது விளைஞ்சிருக்கா?”

ஹெல்லேயில் கூரை வேய்வது புதர்ச்செடியால். ரை விளைவது ஃபுவர்னேயில். துரும்பு வாங்காத குடும்பம் கட்டுக்கட்டாக வாங்கியிருக்கிறது, எலி இனாம்.

“காட்சியகம் இங்கேயே இருக்கட்டும்,” என்றாள் மோராக். “இது தனி எலியா ஆனது இங்கதானே. ஃபுவர்னே வைக்கோல்ல வந்துச்சுன்னு மட்டும் பலகையில எழுதணும்.”

“வைக்கிங் கப்பல்னு எழுது. இல்லேன்னா தூக்கிக்கிட்டுப் போ.”

“ஏய்யா டார்க்கில்,” என்றாள் டோலினா. “பலகையை யாரு படிக்கப் போறா? வர்றவன் எலியைப் பாத்துட்டுக் கழிப்பறை எங்கேன்னு கேப்பான்.”

“நான் படிப்பேன்.”

மோராக் தூக்கிக்கொண்டு போனாள். மாதம் முடிவதற்குள், காட்சியகம் ஃபுவர்னேயில் அமையும், ஆட்சேபம் உள்ளவர்கள் அந்த ஊர் மண்டபத்துக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. முகப்பு வாசகமும் தயாராம்: ‘எங்கள் வைக்கோலில் போன பிள்ளை.’

ஆட்சேபம் சொல்ல டார்க்கில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தார். பூட்டனார் காலத்துக்குப் பிறகு அவர் குடும்பத்திலிருந்து ஃபுவர்னேக்குக் கிளம்பும் முதல் படகு. ஊரே வந்து நின்றது. வழியனுப்ப அல்ல, பார்க்க.

கயிற்றை அவிழ்த்துவிட்டவள் டோலினா.

“திரும்பி வரும்போது ரெண்டு கட்டு வைக்கோல் எடுத்துக்கிட்டு வாய்யா,” என்றாள். “உங்க வீட்டுக் கூரை ஒழுகுது.”