குழாய்க் குழியின் சாவி

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் நிறுத்தத் தெரியவில்லை. டிவியில் ஒரு தொடரைப் போட்டால் பத்துப் பாகத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுகிறார்கள். பார்த்து என்னத்தைக் கண்டார்களோ. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடும்பம். என் மகன், மருமகள் உட்பட எல்லோரும் காலையிலேயே பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அங்கே முப்பது வருஷம் அயர்ன் டேபிளில் நின்று கால் தேய்ந்துபோனவன் நான். பகலில் நான் மட்டும்தான் இருப்பேன். அதனால் தண்ணீர் பிடிக்கும் வேலை என்னுடையது. குடிதண்ணீர் எட்டு பத்து நாளைக்கு ஒருமுறை வரும். எந்த நேரம் என்று கிடையாது. முதலில் குழாயில் காற்று உறுமும், பிறகு கலங்கல் வரும். அதை வெளியே விட்டு, தெளிந்ததும் ஹோஸைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். குழாய் இருக்கும் குழிக்கு மூடியும் பூட்டும் உண்டு, அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

போன மாசம் ஒருநாள் கொலைகாரனைத் தேடும் தொடர் ஒன்று பார்த்தேன். ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் குழாய் உறுமியது காதில் விழவில்லை. எழுந்து போனபோது, கலங்கலுக்காக வெளியே திருப்பி வைத்திருந்த ஹோஸ் வழியாகத் தெருச் சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடி முடிந்திருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது.

சாயங்காலம் எட்டு வீட்டுக் குடங்களும் வாசலில் நின்றன. தொடர் பார்த்துக் கோட்டை விட்டதை ஒப்புக்கொண்டேன்.

“கொலைகாரனக் கண்டுபுடிச்சாச்சுங்களா?” என்றாள் எதிர்வீட்டு ராமாயி.

“இன்னும் ரெண்டு பாகம் இருக்குது” என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அது இன்னும் வம்பாகிவிட்டது.

லைன் வீட்டுச் சொந்தக்காரர் சுப்பண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார். “சாவியக் குடுத்துருங்கண்ணா. நீங்க நிம்மதியா டிவி பாருங்க.” சாவி போனால் நான் மகன் வீட்டில் சோறு தின்கிறவன், அவ்வளவுதான்.

அப்போது மூன்றாம் வீட்டு விஜயராணி குறுக்கே வந்தாள். தெற்கேயிருந்து வந்தவள், கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கிற டைலர். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. இன்னொரு முறை சாவி என்னிடமே இருக்கட்டும், தவறினால் அடுத்த முறையிலிருந்து தானே லீவு போட்டுத் தண்ணீர் பிடிப்பதாகச் சொன்னாள். இவளுக்கு என்னிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். “பகல்ல டிவிய அமத்திட்டு இத வாசிங்கய்யா. குழாய்ச் சத்தம் நல்லாக் கேக்கும்.”

நான் மூன்றாம் வகுப்பு. விரல் வைத்து எழுத்துக் கூட்டினால் ஒரு நாளைக்கு நாலு பக்கம் நகரும். சாயங்காலம் ஒரு பாகத்தோடு டிவியை அணைத்துவிடுவேன். புத்தகத்துக் கதையில் ஒருவன் கிணறு வெட்டுகிறான், வெட்டிக்கொண்டே இருக்கிறான். அள்ளின மண்ணை எங்கே கொட்டுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. எழுதினவர் கடப்பாரையைத் தொட்டிருக்க மாட்டார். இருந்தாலும் அவனுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று பார்க்காமல் மூட மனசு வரவில்லை.

பத்தாம் நாள் பதினொரு மணி இருக்கும். பாதி வரியில் குழாய் உறுமியது. இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ தெரியாது. கலங்கலை விட்டு, ஹோஸைத் திருப்பி, தண்ணீர் தொட்டி விளிம்பைத் தொடும்வரை அங்கேயே நின்றேன்.

அன்று குடங்கள் நிறைந்தன. சுப்பண்ணன் சாவியைப் பற்றிப் பேசவேயில்லை. நானே விஜயராணியின் வாசலுக்குப் போனேன். இந்த வயசில் ஒருவரிடம் நன்றி சொல்லப் போவது எனக்குப் பழக்கமில்லை.

“அம்மணி, சாவி எங்கிட்ட இருக்குதுன்னா அது உன்னாலதான். மறக்கமாட்டேன்.”

“நான் என்னய்யா செஞ்சேன்? எல்லாம் புத்தகம்தான். வாசிச்சா மனுசனே மாறிருவான்.”

“டிவிய அமத்துனதுனால கேட்டுது. சும்மா உக்கோந்திருந்தாலும் கேட்டிருக்கும்.”

“பத்து நாள் சும்மா உக்காந்திருப்பீங்களா?”

இருந்திருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருப்பதாகவும், படித்தால் புத்தி தெளியும் என்றும் பேசிக்கொண்டே போனாள். நல்ல பெண். அவள் வீட்டு அடுப்பு என்றும் அணையக் கூடாது. ஆனால் காகிதத்தைப் பார்த்து மனிதன் மாறுவதாவது? சரி அம்மணி என்று சொல்லிவிட்டு, என் வீட்டைப் பார்த்து நடந்தேன்.